இரண்டாவது சாவி

மின்சாரக் கார் வாங்கிய பிறகும் மலைநாட்டு வீடுகளில் பழைய பெற்றோல் கார் ஏன் நிற்கிறது? கலகெதரயிலிருந்து ஓர் அனுபவமும் ஒரு கணக்கும்.

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. டித்வா சூறாவளி இலங்கையைப் புரட்டிப் போட்ட நாள். கலகெதரயில் எங்கள் மேட்டு வீட்டில் முதல் நாள் மாலையே கரண்ட் போய்விட்டது. இரவு ஒன்பது மணி இருக்கும், அம்மாவுக்கு இழுப்புத் தொடங்கியது. நெபுலைசர் மேசையில் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. செருகத்தான் கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மாவின் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாள் மனைவி.

வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று மின்சாரக் கார். வியாழக்கிழமை கண்டிக்குப் போய் வந்து, இரவு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த இரவு கரண்டே வரவில்லை. திரையில் 11 சதவீதம். எந்த வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது, எத்தனை பாதை சுற்ற வேண்டி வரும் என்று தெரியாத இரவில் அந்தப் 11 சதவீதத்தை நம்பி அம்மாவை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் 800 சீசீ பெற்றோல் கார். இப்படி ஓர் இரவு வந்தால் உதவும் என்றுதான் அதை இத்தனை வருடமாக விற்காமல் வைத்திருந்தோம். சாவியைத் திருப்பினேன். ஒரு தரம் இழுத்தது. மறுபடி திருப்பினேன், டிக் டிக் என்ற சத்தம் மட்டும். மூன்றாம் தரம் டாஷ்போர்ட் விளக்குகளும் மங்கி அணைந்தன.

கீழ் வீட்டு மல்லி சத்தம் கேட்டு டோர்ச்சோடு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்த் தன் த்ரீவீலரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிக்கொண்டு, மழைத் திரை முகத்தில் அடிக்க அடிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. விடியும்போது அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

அந்த இரவு முழுக்க வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இரண்டு கார். எட்டுச் சில்லு. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுமே உருளவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடு. மூன்று வீட்டில் மின்சாரக் கார் இருக்கிறது. அந்த மூன்று வீட்டிலும் பெற்றோல் காரும் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கண்டி நகர் என்று எங்கே போனாலும் நண்பர்கள் வீட்டில் இதே காட்சிதான். புதிய மின்சாரக் கார் வாசலில், பழைய பெற்றோல் கார் தகரக் கூரைக்குக் கீழே. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது "ஒரு அவசரத்துக்கு." அந்த அவசரம் வந்தபோது என் கார் என்ன செய்தது என்று சொல்லிவிட்டேன்.

எது முதல், எது இரண்டாவது

நூறு வருடத்துக்கு முன் இந்தக் கதை தலைகீழாக இருந்தது. 1908 இல் மொடல் டீ என்ற பெற்றோல் காரைக் கொண்டுவந்து உலகத்தையே அதில் ஏற்றிய ஹென்றி ஃபோர்டின் வீட்டில், அவருடைய மனைவி கிளாரா ஓட்டியது ஒரு மின்சாரக் கார். 1914 இல் செய்யப்பட்ட டெட்ரொயிட் எலெக்ட்ரிக். அமெரிக்காவில் டியர்போர்ன் ஊரில் ஃபோர்டின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பெற்றோல் காரை ஸ்டார்ட் பண்ண முன்னால் போய் நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. நகரத்துக்குள் போய்வர அது, தூரப் பயணத்துக்குப் பெற்றோல் கார் என்று வசதியான வீடுகள் இரண்டையும் வைத்திருந்தன.

மின்சாரக் காரைச் சந்தையிலிருந்து தள்ளிய காரணங்களில் ஒன்று 1912 இல் கடிலாக் கார்களில் வந்த மின்சார ஸ்டார்ட்டர். சார்ல்ஸ் கெட்டரிங் என்பவரின் ஆக்கம். ஒரு சின்ன மோட்டாரும் ஒரு பற்றரியும் சேர்ந்து எஞ்சினைச் சுழற்றிவிட, கைபிடி போய்விட்டது. பெற்றோல் காரை எல்லோரும் ஓட்டலாம் என்று ஆனது. நவம்பர் 28 இரவு என் வாசலில் செத்துக் கிடந்தது அதே பற்றரிதான். பெற்றோல் கார் பெற்றோலில் ஓடுகிறது என்கிறோம். அதன் முதல் மூச்சு ஒரு 12 வோல்ற் பற்றரியில் இருக்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. இதே மாதிரிப் பற்றரி மின்சாரக் காருக்குள்ளும் தனியாக ஒன்று உண்டு. அது இறங்கினால், பெரிய பற்றரியில் நிறையச் சார்ஜ் இருந்தாலும் கார் கண் திறக்காது.

இலங்கையில் மின்சாரக் கார் முதலில் அலையாக வந்தது 2014, 2015 வாக்கில். வரி குறைவாக இருந்ததால் ஜப்பானிலிருந்து பழைய நிசான் லீஃப்கள் ஏராளமாக வந்து இறங்கின. அப்போது வாங்கியவர்கள் அதை இரண்டாவது காராகத்தான் வாங்கினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக, ஒஃபிஸ் போய்வர அது. ஊருக்குப் போகப் பெற்றோல் கார். 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மின்சாரக் காருக்கான வரி கூட, அலை அடங்கியது. எங்கள் வீட்டுக் கார் அந்த அலையில் வந்த ஒன்று. அது வந்த நாளில் எங்களுக்கு அதுதான் இரண்டாவது. இன்று வாரத்தில் ஆறு நாள் அதுதான் ஓடுகிறது. பெற்றோல் கார் எப்போது இரண்டாவதாக ஆனது என்று யாராவது கேட்டால் என்னால் ஒரு தேதி சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கியது.

நோர்வேயில் 2024 இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். அங்கேயும் தொடக்கத்தில் அது வீட்டின் இரண்டாவது காராகத்தான் நுழைந்தது. வீதி நெடுகச் சார்ஜர் வந்த பிறகு முதல் இடத்துக்கு ஏறியது. அவர்களுக்கும் மலை உண்டு, நீர்மின்சாரம் உண்டு. எங்களுக்கு இல்லாதது அந்த வீதி நெடுகச் சார்ஜர்.

நகை மாதிரி ஒரு கார்

மற்ற நாடுகளில் பழைய காரை வைத்திருப்பது நட்டம். வருடா வருடம் விலை விழும். எங்கள் நாட்டில் அது நகை மாதிரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1 இல். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் புதிய கார் இல்லை. ஓடித் தேய்ந்த கார்கள்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்றன. "வித்திட்டா திரும்ப வாங்க ஏலாது" என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வோம். அது உண்மையாகத்தான் இருந்தது. கதவு திறந்த பிறகு புதிய சீன மின்சாரக் கார்கள் கண்டி வீதியில் நிறைந்துவிட்டன. ஆனால் ஒரு தடவை கதவு மூடியதைப் பார்த்தவன் தன் கையில் இருப்பதை எளிதில் விடமாட்டான்.

அதைவிட ஆழமாகப் பதிந்தது 2022. அந்த மார்ச் 31 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம். ஜூன் 26 இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. மறுநாள், அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்ற அறிவிப்பு. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, த்ரீவீலருக்கு 5. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள். 2023 செப்டெம்பர் 1 வரை அந்த முறை இருந்தது. பெற்றோல் செட்டிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரம்வரை வரிசை. வரிசையிலேயே படுத்து, வரிசையிலேயே சாப்பிட்டு, நாடு முழுக்க வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் இருந்தார்கள். அந்த வரிசையைக் கடந்து சத்தமில்லாமல் எங்கள் மின்சாரக் கார் போகும்போது நான் யாருடைய முகத்தையும் நேரே பார்த்ததில்லை.

அப்போதுதான் பெற்றோல் காரின் மதிப்பும் எங்களுக்குப் புரிந்தது. அதற்கும் ஒரு கியூஆர், வாரம் 20 லீற்றர். எங்களுடைய ஓட்டம் மின்சாரக் காரில் நடந்தது. பெற்றோல் கார் ஒழுங்கைக்காரர் எல்லோருக்கும் ஓடியது. ஒருவருக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையில் கிளினிக், இன்னொரு வீட்டில் பிரசவம், ஒரு பிள்ளைக்குப் பரீட்சை. அந்த வருடத்தில் அந்தக் கார் ஒரு நாள்கூட ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை. ஏனென்றால் அதற்கு நிற்க நேரமே இருக்கவில்லை. இதை நான் 2025 இல் மறந்துபோனேன்.

கரண்டை மட்டும் நம்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் கைவசம் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சூரிய மின்கலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, கரண்ட் கூடிப்போய்விட்டதாம். கூரையில் சோலர் போட்டவர்கள் பலர் தங்களுக்கு மின்வெட்டுப் பயம் இல்லை என்று நினைக்கிறார்கள். பற்றரி சேர்க்காத சாதாரண சோலர், வீதிக் கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு ஆபத்து வரக் கூடாதென்று அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் கூரை பளபளக்க, கீழே கார் சார்ஜ் இல்லாமல் நிற்கலாம்.

மலையின் கணக்கு

கலகெதர ஏ10 வீதியில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி வெரெல்லகம, ஹெதெனிய தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, இறக்கத்தில் வளைந்து வளைந்து மாவத்தகம, குருநாகல் என்று போய்ப் புத்தளத்தில் முடியும் வீதி. நான் இந்த வீதியை வேறு விதமாகவும் பார்ப்பதுண்டு. ஒரு முனையில், கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில், மகாவலியை மறிக்கும் பொல்கொல்ல அணைக்கட்டு. 1976 இலிருந்து அந்தத் தண்ணீர் உக்குவெலையில் கரண்டாக மாறுகிறது. மறு முனைக்கு அப்பால், புத்தளம் கடந்து, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம், 900 மெகாவாற். எங்கள் கார் இரவில் குடிக்கும் கரண்டில் இந்த இரண்டும் கலந்திருக்கிறது. நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையை எடுத்தவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு. எங்கள் வீட்டில் பத்தரை மணிக்குக் கடைசியாக நடக்கும் வேலை அந்தப் பிளக்கைச் செருகுவது.

மலை எவ்வளவு கரண்ட் தின்னும்? பாடசாலைப் பௌதிகம் போதும். காரும் நான்கு பேரும் சேர்ந்து 1,800 கிலோ என்று வையுங்கள். குருநாகல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 115 மீற்றர், கண்டி 500 மீற்றர். அந்த நிறையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கக் கிட்டத்தட்ட 2 யூனிற். இது வீதியில் உருளுவதற்கு ஆகும் கரண்டுக்கு மேலதிகம். ஏற்றத்தில் போனதில் ஒரு பகுதியை இறக்கத்தில் கார் திரும்பப் பிடித்துப் பற்றரியில் போட்டுக்கொள்ளும். ஆகவே கண்டி, குருநாகல் ஓட்டம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான்.

நுவரெலியா வேறு கதை. 1,868 மீற்றர். கண்டியிலிருந்து ஏறவேண்டியது 1,350 மீற்றருக்கு மேல். தூக்குவதற்கு மட்டுமே ஏழு யூனிற்றை ஒட்டிப் போய்விடும். றம்பொடை வழியாக 77 கிலோமீற்றர் ஓடுவதற்கு வேறாக வேண்டும். முதல் அலையில் வந்த லீஃபின் பற்றரி புதிதாக இருந்தபோதே 24 யூனிற். பத்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 16. அதையும் அடி மட்டம்வரை வழிக்க முடியாது. மேலே போய்ச் சார்ஜ் கிடைக்காவிட்டால் அங்கேயேதான். யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. கண்டியிலிருந்து ஏ9 வழியாக 320 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட.

மேட்டில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு விடயத்தைச் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினால், திரும்பி வரும் கரண்டை வாங்கப் பற்றரியில் இடம் இருக்காது. காரைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். நாங்கள் 90 க்கு மேல் போவதில்லை. இறங்கி முடிக்கும்போது அது ஓரிரண்டு புள்ளி கூடியிருப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது.

"இதெல்லாம் பழைய காரின் கணக்கு, புதியவை ஒரே ஏற்றில் 400 கிலோமீற்றர் போகின்றன" என்று எங்கள் ஒழுங்கையில் புதுக் கார் வாங்கிய தம்பி சொல்வார். சொல்வது சரி. அவரிடமும் பெற்றோல் கார் நிற்கிறது என்பதையும் நான் பார்க்கிறேன். ஆகவே இது கிலோமீற்றர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 ஐ அனுபவித்த நாட்டில் ஒரே வகை எரிபொருளில் குடும்பத்தைக் கட்டிவைக்க எங்களுக்குக் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

கராஜில்

புயல் ஓய்ந்து வீதி திறந்ததும் கராஜ் நானாவைக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டு வாகனங்களை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்ப்பவர். பொனட்டைத் திறந்தவர் உடனே ஒன்றும் தொடவில்லை. குனிந்து மணந்து பார்த்தார்.

"எலி மூத்திரம்" என்றார்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார். உள்ளே காய்ந்த பலா இலை, பாக்குத் தும்பு, கிழித்த பஞ்சு. அழகாகக் கட்டிய கூடு. ஒரு வயர் பாதிவரை கடித்திருந்தது. பற்றரியில் மீற்றரை வைத்தார். 9.4 வோல்ற். நல்ல பற்றரி சும்மா நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். மணிக்கூடும் அலாரமும் துளித்துளியாகக் குடித்து முடித்திருந்தன. பெற்றோல் மூடியைத் திறந்து என்னையும் மணக்கச் சொன்னார். பெற்றோலின் அந்தக் கூர்மையான வாசம் இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு மணம்.

"எப்ப தம்பி கடைசியா பெற்றோல் அடிச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஏப்ரலில், புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது.

"அப்ப ஏழு மாசம். வெடிக்கிற சாரமெல்லாம் ஆவியாப் போயிருச்சு. மிச்சம் இருக்கிறது பசை."

அவர் சொன்னது விஞ்ஞானமும்தான். பெற்றோல் பல எண்ணெய்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிறது. அது முதலில் பறந்துவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகி, இன்ஜெக்டரின் ஊசித் துவாரங்களை அடைக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இந்தியப் பெற்றோலில் இப்போது 20 சதவீதம்வரை எத்தனோல். அது காற்றின் ஈரத்தை இழுக்கும்.

பின் சில்லு உருள மறுத்தது. மாதக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியதில், எங்கள் ஊர் ஈரத்துக்குப் பிரேக் சூ ட்ரம்மோடு ஒட்டிப் பிடித்திருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் விடுவித்தார். பிறகு டயரின் பக்கவாட்டில் மண்ணைத் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார். 3516. 2016 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவே இல்லை. பூவுக்கு நடுவே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"ஓடித் தேஞ்ச டயர நான் மாத்துவேன் தம்பி. நின்னு செத்த டயர மாத்துறதுதான் எனக்குக் கவல."

நான் மாதம் ஒரு தரம் வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்து, போதும் என்று அணைத்துவிடுவேன். அதைச் சொன்னதும் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். அது செய்யாமல் இருப்பதைவிடக் கேடு என்றார். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட் ஐந்து நிமிடத்தில் பற்றரிக்குத் திரும்பாது. எஞ்சின் சூடேறும் முன் அணைத்தால், எரிந்ததில் உண்டான தண்ணீர் ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். "வாரத்துல ஒரு நாள் மாவத்தகமப் பக்கம் இறங்கிட்டு ஏறி வாங்க. இருபத்தஞ்சு நிமிசம். ஏத்தத்துல எஞ்சின் வேர்க்கட்டும். டேங்க் பாதிக்குக் குறையக் கூடாது, ஆனா அந்தப் பெற்றோல் மூணு மாசத்துக்கு மேல கிடக்கவும் கூடாது. நிறுத்துறப்ப ஹேண்ட்பிரேக் போடாதீங்க. கியர்ல விட்டுட்டு டயருக்குக் கல்லு வைங்க."

செலவு எவ்வளவு

நானா சொன்னபடி செய்தால் வாரம் 25 கிலோமீற்றர், வருடம் 1,300. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்றால் 87 லீற்றர். 2025 இல் பெற்றோல் 300 ரூபாவை ஒட்டி நின்றது. அந்த விலைக்கு வருடம் 26,000 ரூபா, காரை உயிரோடு வைத்திருக்க மட்டும். அதற்கு மேல் இன்சூரன்ஸ், வருமான உத்தரவுப் பத்திரம், புகைப் பரிசோதனை. மின்சாரக் காருக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. பெற்றோல் காருக்கு வருடா வருடம் வேண்டும், நின்று கிடந்த எஞ்சின் அதில் தடுக்கி விழுவதும் வழக்கம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு ஒயில் மாற்று. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பற்றரி.

ஓட்டத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. பெற்றோல் கார் அந்த விலைக்குக் கிலோமீற்றருக்கு 20 ரூபா. மின்சாரக் கார் எங்கள் மேடு பள்ளத்தில் யூனிற்றுக்கு 6 கிலோமீற்றர் கொடுக்கிறது. ஒரு யூனிற் 60 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 10 ரூபாதான். வருடத்துக்கு இரண்டு தூரப் பயணம் போகும் குடும்பம் அதற்கு ஒரு வேன் பிடிப்பது இரண்டாவது காரை வளர்ப்பதைவிட மலிவாகவே முடியும். தூரப் பயணத்துக்காக இரண்டாவது கார் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் ஒரு தரம் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். நான் கூட்டிப் பார்த்தேன். என் காரைத் தூரப் பயணம் நியாயப்படுத்தவில்லை.

ஹைபிரிட் ஒன்றை வாங்கி இரண்டையும் ஒரே வண்டிக்குள் அடக்கலாமே என்பார்கள். ஒரே காருக்குத்தான் இடமும் காசும் உள்ள வீட்டுக்கு அது நல்ல வழி. ஏற்கனவே இரண்டு கார் நிற்கும் வீட்டுக்கு அது விடை ஆகாது.

ஆக மிஞ்சுவது அந்த இரவுதான். வேன் பிடிக்க ஃபோன் எடுக்காத, கம்பியில் கரண்ட் வராத இரவு. கண்டி மாவட்டத்தில் அந்தப் புயல் கொண்டுபோன உயிர்கள் வேறு எந்த மாவட்டத்தையும்விட அதிகம். அதற்கு ஒரு வாரம் முன்பே பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டது. கடுகண்ணாவை மூடினால் கொழும்புக்குப் போகும் வாகனங்கள் ஏ10 ஐத் தேடி எங்கள் பக்கம் வரும். இதை அனுபவித்தவர்களிடம் போய் "பெற்றோல் காரை விற்றுவிடுங்கள், இனி எல்லாம் மின்சாரம்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் மின்சாரக் காரை விரும்புகிறவன். அதன் அமைதியை விரும்புகிறேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் முகத்தில் புகை அடிக்காமல் நிற்கும் அந்தக் காரை மதிக்கிறேன். அதே நேரம், தகரக் கூரைக்குக் கீழே செத்துக் கிடக்கும் பெற்றோல் காரைக் காட்டி "எங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது" என்று சொல்லும் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். இன்று இரவே போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். சனிக்கிழமை பிற்பகல் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கரண்ட் இன்னும் வரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நெபுலைசர் வைக்கச் சொல்லியிருந்தார்கள். புதுக் கார் வாங்கிய தம்பி தன் மின்சாரக் காரை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து விட்டார். அதன் சார்ஜ் வாயில் ஒரு வயரைச் செருகினால் வீட்டுப் பிளக் மாதிரி கரண்ட் கொடுக்கிறது. யன்னலால் வயரை உள்ளே எடுத்தோம். அம்மா காரின் கரண்டில் மூச்சு விட்டார். ஒழுங்கை முழுக்க ஃபோன்கள் வந்து அதில் சார்ஜ் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை அப்படிக் கொடுத்தும் அந்தக் காரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அவர் கண்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் நாங்கள் த்ரீவீலரில் நனைந்திருக்கத் தேவையில்லை.

ஆகவே இப்போது ஒழுங்கைக்காரர் நாங்கள் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். மூன்று வீட்டில் மூன்று பெற்றோல் கார் சும்மா நிற்பதற்குப் பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. ஒழுங்கை வாயிலுக்குக் கிட்ட இருப்பதால் எங்களுடையது நிற்கிறது. ஒருவர் தன்னுடையதை விற்றுவிட்டார். மற்றவர் தை மாதத்துக்குப் பிறகு என்கிறார். வாரம் ஒருவர் எடுத்து மாவத்தகமவரை ஓட்டி வருவார். எடுத்தவர் ஓடிய அளவுக்குப் பெற்றோல் அடிப்பார். காசு கைமாறுவதில்லை, மாறினால் அது வாடகை ஓட்டமாகிவிடும், இன்சூரன்ஸ் நிற்காது. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் சார்ஜர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன், ஏ9 இலும் ஏ10 இலும். அதற்கு முன், ஜெனரேற்றர் உள்ள ஒவ்வொரு வைத்தியசாலை வளவிலும் அந்த ஜெனரேற்றரோடு சேர்த்து ஒரே ஒரு சார்ஜர் வையுங்கள். 11 சதவீதத்தோடு போனவன் திரும்பி வரலாம் என்று தெரிந்திருந்தால், அந்த இரவில் நான் மின்சாரக் காரையே எடுத்திருப்பேன். புதிதாக வரும் ஒவ்வொரு மின்சாரக் காருக்கும் நாங்கள் கட்டும் வரியில் இதற்குக் காசு இருக்கிறது.

போன ஞாயிறு என் முறை. அம்மாவும் வருவதாகச் சொன்னார். டயரிலிருந்து கல்லை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன், முதல் தரத்திலேயே பிடித்தது. இறக்கத்தின் அடியில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு, இரண்டாம் கியரில் மெல்ல ஏறி வந்தோம். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. வீட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டி, கீழே தொங்கும் கொப்பியில் எழுதினேன்: 24 கிலோமீற்றர், பெற்றோல் 2 லீற்றர், பின் இடப்பக்க டயர் காற்றுக் குறைவு. அடுத்த முறை கீழ் வீட்டு மல்லியுடையது. அவரிடம் மின்சாரக் காரும் இல்லை, பெற்றோல் காரும் இல்லை. ஆனால் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கவேண்டும் என்று சொன்னது அம்மாதான்.